ட்ரையரில் காற்று போகும் வழி: உடுப்புலர்த்தியைப் பேணவும் பழுதுபார்க்கவும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவுக்கு வந்து முதல் வாடகை வீட்டில் குடியேறும் நம்மவர்களில் பலருக்கு, அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருட்களுள் சற்றும் பழக்கமில்லாதது உடுப்பு உலர்த்தும் இயந்திரமான ட்ரையர்தான். அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் ஊரிலும் இருந்தன. கழுவும் இயந்திரத்தை உறவினர் வீட்டிலாவது பார்த்திருப்போம். ஆனால் கொடியில் போட்ட சேலை ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு, மின்சாரத்தால் காற்றைச் சுடவைத்துத் துணி உலர்த்த வேண்டிய தேவையே இருந்ததில்லை. அதனால் இந்த இயந்திரத்தை எப்படிப் பேணுவது என்று நமக்குச் சொல்லித் தரவும் எவரும் இருக்கவில்லை. ஒன்ராறியோ வீடுகளில் பெரும்பாலும் காணப்படும், ஈரக் காற்றைக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளும் மின்சார ட்ரையரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் வீட்டில் நாங்கள் கழித்த முதல் குளிர்காலத்தில் எங்கள் ட்ரையர் திடீரெனச் சூடாவதை நிறுத்திக்கொண்டது. வீட்டுக்காரர் அழைத்துவந்த திருத்துநர் பின்பக்கத்தைத் திறந்து, எரிந்துபோயிருந்த சிறிய பாதுகாப்பு உறுப்பு ஒன்றை மாற்றி, கால் மணி நேரத்தில் போய்விட்டார். இரண்டு கிழமைகளில் அதே உறுப்பு மீண்டும் எரிந்தது. மூன்றாவது முறை அவரை அழைப்பதற்கு முன் நான் வெளியே போய்ச் சுவரைச் சுற்றிப் பார்த்தபோது, ட்ரையரின் காற்று வெளியேறும் வாயில் ஈரத் தூசியும் பனிக்கட்டியும் சேர்ந்து கல்லாக உறைந்து கிடந்தன. வெந்நீர் ஊற்றி அதைக் கரைத்துத் துப்புரவாக்கிய பின், மாற்றிய உறுப்பு அந்த வீட்டை நாங்கள் விட்டுப் போகும்வரை எரியவில்லை. ட்ரையரில் பழுது என்றால் முதலில் காற்றின் வழியைப் பார்க்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். இக்கட்டுரையின் ஒழுங்கும் அந்தக் காற்றின் வழியையே பின்பற்றிச் செல்கிறது.

உள்ளே நடப்பது என்ன

ட்ரையரின் உள்ளே ஒரே ஒரு மோட்டர்தான் இருக்கிறது. அதன் ஒரு முனை, நீளமான ஒரு பெல்ட்டின் மூலம், துணி போடும் உருளையான டிரம்மைச் சுழற்றுகிறது. மறுமுனை காற்றை இழுக்கும் விசிறியைச் சுழற்றுகிறது. விசிறி இழுக்கும்போது அறையிலுள்ள காற்று இயந்திரத்துக்குள் நுழைந்து, ஹீட்டிங் எலிமென்ட் எனப்படும் சூடேற்றும் கம்பிச் சுருளைக் கடந்து, டிரம்முக்குள் புகுந்து துணிகளின் ஈரத்தை எடுத்துக்கொண்டு, லின்ட் வலையில் பஞ்சுத்தூசியை விட்டுவிட்டு, 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாய் வழியாக வெளியே போகிறது. வெளியேறும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 68 பாகை செல்சியஸை எட்டியதும் தெர்மோஸ்டாட் சூட்டை நிறுத்தி, சற்று ஆறியதும் மீண்டும் தொடக்குகிறது.

வழியில் எங்கேனும் காற்று தடைப்பட்டால் இரண்டு தீமைகள் ஒன்றாக நேர்கின்றன. ஈரமான ஆவி டிரம்முக்குள்ளேயே தங்கிவிடுவதால் துணி காய்வதில்லை; 5,000 வற்றுக்கும் மேல் மின்சாரத்தை உண்ணும் சுருளின் சூட்டை அள்ளிச் செல்லப் போதிய காற்று இல்லாததால், அதைச் சூழ்ந்த பகுதி அளவுக்கு மீறிச் சூடாகிறது. துணி காயவில்லையே என்று நாம் இன்னும் ஒரு சுற்று ஓடவிடுகிறோம். அந்தச் சூட்டுக்கு அருகே பஞ்சுத்தூசி படிந்திருந்தால் தீப்பிடிக்கிறது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான தரவுகளைக் கொண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 ட்ரையர் தீ விபத்துகள் நேர்ந்தன. அவற்றில் ஆண்டுக்கு 5 பேர் இறந்தனர், 100 பேர் காயமடைந்தனர். துப்புரவு செய்யத் தவறியதே முதன்மையான காரணமாக, 34 சதவீத விபத்துகளில் பதிவாகியுள்ளது. இவை எந்தக் கருவியும் வாங்காமல் தடுத்திருக்கக்கூடிய விபத்துகள் என்பதால்தான் இந்த எண்களை இங்கே சொல்கிறேன்.

ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியவை

லின்ட் வலை சில இயந்திரங்களில் மேற்பலகையில் உள்ள ஒரு பிளவுக்குள்ளும், சிலவற்றில் கதவின் அடிவிளிம்பிலும் இருக்கும். ஒவ்வொரு முறை துணி போடும் முன்பும் அதை வெளியே இழுத்து, படிந்திருக்கும் தூசிப் படலத்தை விரலால் வழித்தெடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தடவை துவாய்களைக் காயவைத்தாலே வலை மூடிப்போகும். வலை கிழிந்திருந்தால் அதைக் கொண்டு இயந்திரத்தை ஓட்டாதீர்கள். இயந்திரத்தின் மாதிரி எண்ணைச் சொன்னால் புதிய வலை கிடைக்கும்.

துணிக்கு மென்மையும் மணமும் தருவதற்காக உள்ளே போடும் ட்ரையர் தாள்கள், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசுக்கை அந்த வலையில் பூசிவிடுகின்றன. வழித்த வலையைக் குழாய்த் தண்ணீரின் கீழே பிடித்துப் பாருங்கள். தண்ணீர் உடனே ஊடுருவி ஓடினால் நல்லது. வலையின் மேல் குளம்போலத் தேங்கி நின்றால் காற்றும் அப்படித்தான் தேங்கி நிற்கிறது என்று பொருள். பாத்திரம் கழுவும் திரவமும் மென்மையான தூரிகையும் கொண்டு இளஞ்சூட்டு நீரில் தேய்த்துக் கழுவி, முற்றாக உலர்ந்த பின்னரே திரும்பப் போடுங்கள். அதே பிசுக்கு டிரம்மின் உட்புறத்தில் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகளிலும் படியும். ஈரத் துணி அந்த இரண்டு பட்டைகளையும் ஒருசேரத் தொடும்போது சிறு மின்னோட்டம் கடந்து, ஈரம் இன்னும் இருக்கிறது என்பதை இயந்திரம் அறிந்துகொள்கிறது. பட்டைகளில் பிசுக்கு ஏறினால், துணி பாதி ஈரமாக இருக்கும்போதே காய்ந்துவிட்டது என்று எண்ணி இயந்திரம் நின்றுவிடும். ஆறிய இயந்திரத்தில், மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைத் துணியில் சிறிது தொட்டுத் துடைத்து, ஆவி முற்றாக நீங்கியபின் பயன்படுத்தினால் இது சரியாகிவிடும்.

நம்முடைய வீடுகளுக்கென்றே அழுத்திச் சொல்ல வேண்டியது எண்ணெயைப் பற்றி. சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகிவிட்டுத் தலை துடைத்த துவாய், பொரியல் சட்டியைத் துடைத்த துணி, எண்ணெய் தேய்த்துவிட்ட குழந்தையைச் சுற்றியெடுத்த துண்டு ஆகியவற்றில் ஊறிய தாவர எண்ணெய், ஒரு முறை கழுவினாலும் இழைகளிலிருந்து முழுமையாக நீங்குவதில்லை. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேரும்போது தானாகவே வெப்பத்தை வெளிவிடும். ட்ரையர் அதைச் சூடாக்கி, பின்னர் அந்தத் துணிகள் குவியலாகக் கூடையில் கிடக்கும்போது, வெளியேற இடமில்லாத வெப்பம் உள்ளே ஏறிக்கொண்டே போய், இயந்திரம் நின்று நெடுநேரம் கழித்தும் தீப்பற்றக்கூடும். ஆகவே எண்ணெய் மணம் மாறாத துணியைச் சுடுநீரில் சவர்க்காரம் கூடுதலாகப் போட்டு மறுபடி கழுவுங்கள். அப்படியும் மணம் போகாவிட்டால் கொடியிலேயே காயவிடுங்கள். சுழற்சியின் கடைசியில் சூடில்லாமல் சுற்றும் ஆறவைக்கும் நேரத்தை இடையில் நிறுத்தித் துணியை எடுக்காதீர்கள்.

ஆறு கெஜச் சேலையும் எட்டு முழ வேட்டியும் டிரம்முக்குள் கயிறாக முறுக்கிக்கொண்டு, வெளிப்புறம் முறுகக் காய்ந்தும் நடுப்பகுதி ஈரமாகவும் வெளியே வரும். பருத்திச் சேலையைப் போடத்தான் வேண்டுமென்றால் இரண்டொரு சிறு துவாய்களோடு போட்டு, பாதியில் நிறுத்தி உதறிவிட்டு மீண்டும் ஓடவிடுங்கள். பட்டுத் துணியையும் சரிகையையும் ஒருபோதும் போடாதீர்கள். உள்பாவாடை நாடாக்களை முடிந்துவிடுங்கள். சேலையில் குத்திய ஊசிகளைக் கழற்றியாயிற்றா என்று பாருங்கள். லின்ட் வலையின் ஓரத்தால் உள்ளே விழும் ஓர் ஊசி விசிறியில் சிக்கி எழுப்பும் சத்தத்தைக் கேட்டு, பெரிய பழுது என்று பயந்தவர்களை நான் அறிவேன்.

குழாய்

ட்ரையருக்கு வெளியே, சுவருக்குப் பின்னால் இருப்பதால் எவரும் பார்க்காத இந்தக் குழாயில்தான் பழுதுகளில் பாதி ஒளிந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைக் கழற்றித் துப்புரவு செய்ய வேண்டும். குழந்தைகள் உள்ள, நாள்தோறும் துணி காயவைக்கும் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்வது நல்லது. குளிர்காலம் தொடங்கும் முன், ஒக்ரோபரில் இதைச் செய்துவிடுவது என் வழக்கம்.

முதலில் இயந்திரத்தை வெறுமனே ஓடவிட்டு வெளியே போய்ச் சுவரிலுள்ள வாயைப் பாருங்கள். அதன் மூடி நன்றாகத் திறந்து, கையை வைத்தால் வலுவான வெதுவெதுப்பான காற்று அடிக்க வேண்டும். மூடி அரைகுறையாக அசைந்தால் உள்ளே அடைப்பு இருக்கிறது. வசந்த காலத்தில் குருவிகள் இந்த வாய்க்குள் கூடு கட்டுவதுண்டு. குளிர்காலத்தில் மூடி உறைந்துபோவதும், தாழ்வான வாயைப் பனிக்குவியல் மூடிவிடுவதும் உண்டு. பறவை வராமலிருக்க நெருக்கமான கம்பிவலை அடித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அந்த வலை ஒரு மாதத்தில் தூசியால் அடைத்துப்போகும் என்பதால் கட்டட விதிகள் அதை அனுமதிப்பதில்லை.

பிறகு மின்இணைப்பைக் கழற்றி, இயந்திரத்தைச் சுவரிலிருந்து மெதுவாக இழுத்து, பின்னால் பொருத்தியிருக்கும் குழாயின் பட்டையைத் தளர்த்திப் பிரித்தெடுங்கள். அந்தக் குழாய் வெள்ளை நிறப் பிளாஸ்ரிக்காகவோ, மெல்லிய தாள்போலக் கசங்கும் அலுமினியப் படலமாகவோ இருந்தால், அதைத் துப்புரவாக்க முனையாமல் எறிந்துவிடுங்கள். பிளாஸ்ரிக் எரியும், படலக் குழாயின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தூசியைப் பிடித்துவைக்கும். சுவருக்குள் செல்வது வழவழப்பான தகட்டுக் குழாயாகவும், இயந்திரத்தையும் சுவரையும் இணைக்கும் சிறு துண்டு வளையக்கூடிய தடித்த அலுமினியமாகவும் இருக்க வேண்டும். குழாய்த் துண்டுகளைச் சேர்க்கும்போது, காற்று போகும் திசையில் ஒன்றின் முனை அடுத்ததற்குள் நுழையுமாறு வையுங்கள். மாறிப் பொருத்தினால் மூட்டின் விளிம்பு தூசியை வழிமறிக்கும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளும் அப்படியே என்பதால், மூட்டுகளை ஆணியால் அல்ல, அலுமினிய ஒட்டுப்பட்டையால் சுற்றுங்கள். சாம்பல் நிறத் துணி ஒட்டுப்பட்டை சூட்டில் காய்ந்து உதிர்ந்துவிடும்.

நீளமும் முக்கியம். அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு 35 அடியை, அதாவது ஏறத்தாழ 10.7 மீற்றரை எல்லையாக வைத்து, செங்கோணமாக வளையும் ஒவ்வொரு முழங்கைக்கும் அதில் 5 அடியைக் கழிக்கச் சொல்கிறது. உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் அதற்குரிய எல்லை அச்சிடப்பட்டிருக்கும், அதையே பின்பற்றுங்கள். நான்கு வளைவுகளோடு வீட்டைச் சுற்றிப் போகும் குழாய் எத்தனை முறை துப்புரவாக்கினாலும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

குழாயைத் துப்புரவாக்க, ஒன்றோடொன்று முடுக்கி நீட்டக்கூடிய வளையும் கம்புகளும் அவற்றின் நுனியில் ஒரு வட்டத் தூரிகையும் கொண்ட தொகுப்பு வன்பொருட் கடைகளில் கிடைக்கிறது. அதைக் கையாலோ துளைக்கருவியில் பொருத்தியோ சுழற்றலாம். உள்ளே தள்ளும்போதும் வெளியே இழுக்கும்போதும் வலப்புறமாகவே சுழற்றுங்கள். திசையை மாற்றினால் கம்புகளின் புரி கழன்று தூரிகை சுவருக்குள்ளேயே தங்கிவிடும். விழும் தூசியை வக்யூம் கொண்டு உறிஞ்சியெடுத்து, குழாயைத் திரும்பப் பொருத்தி, இயந்திரத்தைப் பின்னால் தள்ளும்போது குழாய் நசுங்காமல் பாருங்கள். இடம் மிகவும் குறுகலாக இருந்தால், தட்டையான தகட்டுக் குழாய் ஒன்றை வாங்கிப் பொருத்துவதே வழி.

ரொறன்ரோவின் கொண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்பவர்கள் இன்னொன்றையும் தேட வேண்டும். பல கட்டடங்களில் ட்ரையருக்கு மேலே, கூரையிலோ சுவரிலோ ஒரு சிறு கதவுக்குப் பின்னால் இரண்டாவது லின்ட் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதைத் துப்புரவாக்குவது குடியிருப்பவரின் வேலை என்பது பலருக்குத் தெரிவதேயில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளாகத் திறக்கப்படாத பெட்டிக்குள் தலையணை அளவுக்குத் தூசி இருக்கும். நிர்வாக அலுவலகத்தில் கேட்டால் அது எங்கே இருக்கிறது என்று காட்டுவார்கள்.

சில நிலக்கீழ் வீடுகளில் குழாயை வெளியே விடாமல், தண்ணீர் நிரப்பிய சிறு வாளி ஒன்றுக்குள் விட்டிருப்பார்கள். துணியிலிருந்து வரும் ஈரம் முழுவதும் அறைக்குள் நிறைந்து, குளிர்காலத்தில் சுவர்களில் பூஞ்சணம் பிடிக்க இதுவே காரணமாகும். எரிவாயு ட்ரையரை இப்படி வைத்திருந்தால் அது உயிருக்கே ஆபத்து. அதன் புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கும். அத்தகைய வீட்டில் ட்ரையரை உடனே நிறுத்திவிட்டு வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.

திறப்பதற்கு முன்

வாடகை வீட்டோடு தரப்பட்ட ட்ரையரைப் பேணித் திருத்தும் பொறுப்பு ஒன்ராறியோச் சட்டப்படி வீட்டுக்காரருடையது. லின்ட் வலையைத் துப்புரவாக வைத்திருப்பது உங்கள் கடமை. இயந்திரத்தைக் கழற்றுவது அன்று. பழுதை எழுத்தில் தெரிவித்து, அதன் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருவது சொந்த இயந்திரம் உள்ளவர்களுக்கானது.

சுவரில் சொருகிய நான்கு முனைப் பிளக்கை வெளியே எடுக்காமல் எந்தத் தகட்டையும் கழற்றாதீர்கள். இது 240 வோல்ற், 30 அம்பியர் இணைப்பு. சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது. தகட்டின் விளிம்புகள் கத்திபோல வெட்டும் என்பதால் கையுறை அணியுங்கள். எரிவாயு ட்ரையரில் வாயுக் குழாயையும் வால்வையும் தொடும் வேலையை, ஒன்ராறியோவில் அதற்கான சான்றிதழ் பெற்றவர்கள் மட்டுமே செய்யலாம். புதிய 240 வோல்ற் இணைப்பை இழுப்பதற்கும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தகாரரையே அழையுங்கள்.

கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்தில் மாதிரி எண் ஒட்டப்பட்டிருக்கும். அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் வாங்கும் உதிரிப்பாகம் பொருந்தாது. பல இயந்திரங்களில் மின்சுற்று வரைபடம் மடித்த தாளாக உள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். கண்டால் கிழிக்காமல் எடுத்து வையுங்கள். மின்தொடர்பை அளந்து பார்க்கும் ஒரு மல்ரிமீற்றர், ஓர் ஆணிமுடுக்கி, கால் அங்குல, பதினாறில் ஐந்து அங்குல முடுக்கிகள், மெல்லிய பூச்சுக் கரண்டி ஒன்று ஆகியவை பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

டிரம் சுற்றுகிறது, ஆனால் சூடில்லை என்றால், எதையும் கழற்றும் முன் மின்பலகைக்குப் போங்கள். 240 வோல்ற் என்பது 120 வோல்ற் வீதம் இரண்டு கம்பிகளில் வருகிறது. மோட்டருக்கு அவற்றுள் ஒன்றே போதும், சூடேற்றும் சுருளுக்கு இரண்டும் வேண்டும். எனவே ஒரு பக்கம் மட்டும் துண்டிக்கப்பட்டால் டிரம் வழக்கம்போலச் சுற்றும், காற்று குளிராகவே வரும். இரட்டைப் பிடியுள்ள பிரேக்கரை முழுமையாக நிறுத்திவிட்டு மீண்டும் போடுங்கள். ஃபியூஸ் உள்ள பழைய வீடுகளில் இரண்டு ஃபியூஸ்களையும் பாருங்கள். அது பலன் தராவிட்டால்தான் பின்தகட்டைக் கழற்ற வேண்டும்.

உள்ளே சூடேற்றும் பெட்டியின் மேல் இரண்டு சிறு உறுப்புகள் இருக்கும்: சூடு எல்லை மீறும்போது நிறுத்தி, ஆறியதும் மீண்டும் தொடக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று, ஒரு முறை எரிந்தால் மீளாத வெப்பத் துண்டிப்பான் ஒன்று. விசிறிப் பெட்டியின் மேல் தெர்மல் ஃபியூஸ் இருக்கும். அது எரிந்தால் சில மாதிரிகளில் சூடு மட்டும் நிற்கும், சிலவற்றில் மோட்டரே தொடங்காது. ஒவ்வொன்றின் கம்பியையும் கழற்றிவிட்டு மல்ரிமீற்றரை ஓம் அளவில் வைத்துத் தொடுங்கள். நல்ல ஃபியூஸ் ஏறத்தாழ சுழியம் காட்டும்; எரிந்தது எந்த எண்ணையும் காட்டாது. சூடேற்றும் சுருள் 8 முதல் 12 ஓம் வரை காட்டுவது வழக்கம். எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. சுருளின் முனைக்கும் அதன் தகட்டுப் பெட்டிக்கும் இடையிலும் அளந்து பாருங்கள். அங்கே தொடர்பு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால், அறுந்த சுருள் தகட்டைத் தொட்டுக்கொண்டு, தெர்மோஸ்டாட்டின் கட்டுப்பாட்டுக்கு அப்பால் சூடேறும் ஆபத்து உண்டு.

எரிந்த ஃபியூஸைச் சுற்றிக் கம்பியால் இணைத்துவிட்டால் இயந்திரம் ஓடும் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். வீட்டுக்கும் தீக்கும் இடையில் நிற்பது அந்தச் சிறு உறுப்புத்தான். அதன் விலை சில பத்து டொலர்களைத் தாண்டாது. வெப்பத் துண்டிப்பானை மாற்றும்போது அதனருகிலுள்ள தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டும் ஒரே பொதியாகக் கிடைப்பதுண்டு. அது ஏன் எரிந்தது என்பதைக் குழாயில் தேடிக் கண்டுபிடித்த பின்னரே இயந்திரத்தை ஓட்டுங்கள்.

சூடு இருக்கிறது, ஆனால் துணி காய இரண்டு சுற்று வேண்டியிருக்கிறது என்றால், அது பெரும்பாலும் காற்றுத் தடைதான். மின்சார ட்ரையரில் இதைச் சோதிக்க, பின்குழாயைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு சுற்று, அருகிலேயே நின்றுகொண்டு ஓட்டிப் பாருங்கள். துணி விரைவாகக் காய்ந்தால் இயந்திரத்தில் குறையில்லை, குழாயில்தான் அடைப்பு. எரிவாயு ட்ரையரில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

இயந்திரம் தொடங்கவே இல்லை என்றால், கதவை மூடும்போது கதவுச் சுவிட்சின் ‘டிக்’ ஒலி கேட்கிறதா என்று கவனியுங்கள். அது கேட்காவிட்டால் சுவிட்சை மாற்ற வேண்டும். கேட்டால் தெர்மல் ஃபியூஸையும் தொடக்கப் பொத்தானையும் மல்ரிமீற்றரால் பாருங்கள். மோட்டர் உறுமுகிறது, டிரம் அசையவில்லை என்றால், கதவைத் திறந்து டிரம்மைக் கையால் சுழற்றுங்கள். எந்த எதிர்ப்பும் இல்லாமல் உருண்டோடினால் பெல்ட் அறுந்திருக்கிறது. சில மாதிரிகளில் பெல்ட் அறுந்தால் மோட்டரே தொடங்காதபடி ஒரு சுவிட்ச் இருக்கும்.

சத்தங்களுக்கும் பொருள் உண்டு. ‘தடக் தடக்’ என்று சீராக அடித்தால், டிரம்மைத் தாங்கும் ரோலர்கள் ஒருபக்கம் தேய்ந்திருக்கின்றன. கிறீச்சென்று நீளமாகக் கத்தினால், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஐட்லர் என்ற சிறு சில்லு தேய்ந்திருக்கும். உலோகம் உரசும் சத்தம் முன்விளிம்பிலுள்ள கம்பளிப் பட்டையோ தாங்கு துண்டுகளோ தேய்ந்ததைக் காட்டுகிறது. கலகலவென்ற சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் சில்லறைக் காசுதான்.

பெல்ட் மாற்றுதல்

மேற்பலகையில் லின்ட் வலை உள்ள, வட அமெரிக்காவில் மிகப் பரவலான வகையைக் கொண்டு சொல்கிறேன். மற்ற வகைகளில் திறக்கும் முறை மட்டும் மாறும். லின்ட் வலையை எடுத்துவிட்டு, அதன் வாயருகே உள்ள இரண்டு ஆணிகளைக் கழற்றுங்கள். மேற்பலகைக்கும் முன்தகட்டுக்கும் இடையில், ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் உள்ளே, பூச்சுக் கரண்டியைச் செருகி அழுத்தினால் உள்ளிருக்கும் பிடி விடும். பலகையைப் பெட்டியின் மூடிபோலப் பின்னால் தூக்கிச் சுவரில் சாய்த்து வையுங்கள். கதவுச் சுவிட்சின் கம்பியைப் பிரித்து, முன்தகட்டை உட்புறத்திலிருந்து பிடித்திருக்கும் இரண்டு ஆணிகளைக் கழற்றுங்கள். டிரம்மின் முன்புறத்தைத் தாங்குவது இந்த முன்தகடுதான் என்பதால், ஒரு கையால் டிரம்மைத் தாங்கிக்கொண்டு தகட்டை மேலே தூக்கி எடுங்கள். இதை இருவராகச் செய்வது நல்லது.

பழைய பெல்ட் முழுதாக அறாமல் இருந்தால், அது மோட்டரையும் ஐட்லரையும் சுற்றிப் போகும் விதத்தைக் கழற்றும் முன் படமெடுங்கள். பின்னர் டிரம்மை முன்னால் இழுத்து வெளியே வையுங்கள். உள்ளே தெரியும் தூசியைக் கண்டு பெரும்பாலானோர் திகைத்துப்போவார்கள். மோட்டரைச் சுற்றியும் சூடேற்றும் பெட்டியின் அடியிலும் உள்ளதை வக்யூமால் பொறுமையாக உறிஞ்சுங்கள். பெல்ட்டைவிட இந்த வேலையே பெரிய பயன். ரோலர்களைக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஆடினாலோ கனத்துச் சுற்றினாலோ இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஐட்லரையும் அப்படியே பாருங்கள். இயந்திரத்தைத் திறந்திருக்கும் இந்த ஒரு தருணத்தில் மூன்றையும் மாற்றிவிடுவதே என் வழக்கம், ஏனென்றால் பெல்ட்டின் ஆயுள் இந்தச் சில்லுகளின் நலத்தைப் பொறுத்தது.

டிரம்மைத் திரும்ப ரோலர்களில் வைத்து, புதிய பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கம் டிரம்மைத் தொடுமாறு, பழைய பெல்ட் விட்ட தடத்தின் மேலேயே சுற்றுங்கள். அடியில் கைவிட்டு, தளர்ந்து தொங்கும் பகுதியை ஐட்லரின் வழியாகச் செலுத்தி மோட்டரின் கப்பியில் கொளுவுங்கள். சரியாகப் போட்டிருக்கிறோமா என்று அறிய எளிய வழி உண்டு: பெல்ட்டின் வரிப் பக்கம் டிரம்மையும் மோட்டர் கப்பியையும் தொட வேண்டும், வழவழப்பான முதுகுப் பக்கம் ஐட்லரைத் தொட வேண்டும். டிரம்மை இரண்டு மூன்று முறை கையால் மெல்லச் சுழற்றி, பெல்ட் முறுக்கிக்கொள்ளாமல் நேராக ஓடுவதைப் பார்த்த பின்னரே முன்தகட்டைப் பொருத்துங்கள். பொருத்தும்போது முன்விளிம்பின் கம்பளிப் பட்டை உட்புறமாக மடங்கிச் சிக்கவில்லை என்பதைச் சுற்றிவரத் தடவிப் பாருங்கள். துணியில் கறுப்புக் கோடுகள் விழுவதற்கு இந்த மடிப்பு ஒரு காரணம். கதவுச் சுவிட்சின் கம்பியை மறக்காமல் இணைத்து, மேற்பலகையை அழுத்தி மூடி, இரண்டு ஆணிகளையும் முடுக்குங்கள்.

மோட்டர், மின்னணுப் பலகை ஆகியவை பழுதானால் கணக்குப் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய இயந்திரத்துக்கு அவற்றை வாங்கும் செலவு, நல்ல நிலையிலுள்ள பழைய ட்ரையர் ஒன்றின் விலையை நெருங்கிவிடும். பெல்ட், ரோலர், ஃபியூஸ், சுருள் ஆகியவற்றுக்காக எந்த இயந்திரத்தையும் எறிய வேண்டியதில்லை. ஐரோப்பாவிலுள்ள உறவினர்கள் கேட்பதுண்டு: அங்கே பரவலாக உள்ள, வெளிக்குழாய் இல்லாத வகையில் தண்ணீர்த் தொட்டியை ஒவ்வொரு முறையும் கொட்டுவதும், ஆவியைக் குளிர்விக்கும் பகுதியைக் கையேடு சொல்லும் இடைவெளியில் துப்புரவாக்குவதும் குழாய் துப்புரவின் இடத்தைப் பிடிக்கின்றன, லின்ட் வலை எங்கும் ஒன்றே.

ஒன்ராறியோவில் நேரத்துக்கேற்ற மின்கட்டணத்தில் இருப்பவர்களுக்கு வேலை நாட்களில் மாலை 7 மணிக்குப் பின்னும், சனி ஞாயிறுகளில் நாள் முழுவதும் கட்டணம் குறைவு. அதற்காக, படுக்கப் போகும்போது ட்ரையரைத் தட்டிவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். வீட்டை விட்டு வெளியே போகும்போதும் ஓடவிடாதீர்கள். மாலை 7 மணிக்குப் போட்டால் படுக்கும் முன் இரண்டு சுற்றுகள் முடிந்துவிடும்.

திருத்தி முடித்த இயந்திரத்தைச் சுவரோடு சேர்ப்பதற்கு முன், நான்கு கால்களும் தரையில் சமமாக நிற்கின்றனவா என்று மூலைகளை அழுத்திப் பார்த்து, ஆடும் காலைத் திருகி உயர்த்துங்கள். பிளக்கைச் சொருகி, துணி போடாமல் ஐந்து நிமிடம் சூட்டோடு ஓடவிட்டு, ஒருவர் இயந்திரத்தின் அருகே நின்று சத்தத்தைக் கேட்க, மற்றவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போய், சுவரிலுள்ள அந்த வாயின் மூடி முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.